எஸ்டேட்டில் லைன் இல்லை

கத்திப் பேசினால்தான் எடுபடும் என்று நினைக்கிறவர்களை அடக்கி வைப்பது என் பிழைப்பு. மனிதர்களைச் சொல்லவில்லை, கைப்பேசிக் கோபுரங்களைச் சொல்கிறேன். ஒரு கோபுரம் பலமாகப் பேசினால் அதைச் சுற்றியிருப்பவர்களுக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் பக்கத்துக் கோபுரமும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. இதன் பலம் அதற்கு இரைச்சல். அதன் பலம் இதற்கு இரைச்சல். எங்கள் தோட்டத்தில், எஸ்டேட்டைத்தான் அப்படிச் சொல்வோம், மேல் டிவிஷன் கோயிலுக்கும் கீழ் டிவிஷன் கோயிலுக்கும் ஒரே வாரத்தில் திருவிழா வந்துவிட்டால் இதுதான் நடக்கும். இரண்டு பக்கமும் ஒலிபெருக்கியை முடுக்கி முடுக்கி, கடைசியில் இரண்டு சாமிக்கும் ஒரு பாட்டும் உருப்படியாகக் கேட்காது. அலைவரிசையைக் காசு கொடுத்து இன்னும் வாங்கலாமே என்று கேட்பீர்கள். இருப்பதையே இரண்டு மூன்று கம்பெனிகள் பங்கு போட்டுக்கொள்ளும் காலம் இது. அதனால் கோபுரங்களுக்கு நடுவில் ஒருவன் போய் நீ இவ்வளவு பேசு, நீ இவ்வளவு பேசு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஒருவன் நான்.

கூரையில் நாலைந்து போன்களைக் கட்டிய காரை ஓட்டிக்கொண்டு போர்ட்டிக்சன், லுக்குட், லிங்கி என்று சுற்றுவேன். நல்ல இடம் கணினியில் பச்சையாக விழும், கெட்ட இடம் சிவப்பாக விழும். சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்து, எந்தச் சிவப்பைப் பச்சையாக்கலாம், அதற்காக எந்தப் பச்சையைச் சிவப்பாக்கலாம் என்று பாஸோடு உட்கார்ந்து பேசுவேன். எல்லாவற்றையும் பச்சையாக்க முடியாதா என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கேட்டதுண்டு. முடியாது.

எங்கள் ஊர்ப் பேச்சில் லைன் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு லைன் என்றால் வரிசை வீடு. எந்த லைன் என்று கேட்டால், எந்த வரிசையில் உன் வீடு என்று அர்த்தம். மற்ற எல்லாருக்கும், மலாய்க்காரர் சீனர் உட்பட, லைன் என்றால் போனில் வரும் சிக்னல். லைன் இல்லலா என்றால், அந்த லா எங்கள் ஊர்ப் பேச்சின் ஒட்டு, போனில் சிக்னல் எடுக்கவில்லை என்று அர்த்தம். ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்துக்கொள்வது ஒரு சிக்கனம்தான். அந்தச் சிக்கனம் என் அக்காவின் தலையில் விடிந்தது.

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. லிங்கிக்கும் புக்கிட் பெலண்டோக்குக்கும் இடையில், செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைக்குள் ஒதுங்கிக் கிடக்கிற தோட்டம் எங்களுடையது. நாங்கள் எல்லாரும் கிளம்பிவிட்டோம். அவள் மட்டும் பிறந்த லைனுக்கு அடுத்த லைனில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே விதவையாகி, இப்போதும் அங்கேயே உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கொஞ்ச காலம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளை என்ன செய்வதென்று வாத்தியாருக்குத் தெரியவில்லை, வாத்தியார் என்ன செய்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதோடு சரி. படிக்க வராது. சில சொற்களை மட்டும் கோலத்தை அடையாளம் கண்டுகொள்வது மாதிரி உருவத்தை வைத்துக் கண்டுகொள்வாள்.

ஆனால் கை பேசும். அது எந்தப் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்கிற மொழியல்ல. எங்கள் வீட்டில் முளைத்து லைன் முழுக்கப் படர்ந்தது. கடைக்காரருக்குத் தெரியும், வேலை மேய்க்கிற மண்டோருக்குத் தெரியும், கோயில் பூசாரிக்கு அவளைத் திட்டுகிற அளவுக்குத் தெரியும். என் பெயர், காது மடலை இரண்டு விரலால் இழுப்பது. என் காதைத் திருகியே வளர்த்தவள், வேறு எப்படிப் பெயர் வைப்பாள். அவள் மகளுக்குக் கன்னத்தில் ஒரு விரல். அங்கே குழி விழும். வரிசை வீட்டுக்கு உள்ளங்கையைக் கவிழ்த்து இடமிருந்து வலமாக ஒரு இழுப்பு. போன் சிக்னலுக்கு நாலு விரலும் ஒவ்வொன்றாக எழும். நாங்கள் லைன் என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொண்டதை அவள் எப்போதோ இரண்டாகப் பிரித்துவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழில் 'இல்லை' கடைசியில்தான் வருகிறது. வரவில்லை என்று ஒருவர் சொல்லும்போது, 'வர' என்பது வரைக்கும் நமக்கு நம்பிக்கை இருக்கும். அக்காவின் கையும் அப்படியே. வருவேன் என்பதற்கு உள்ளங்கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்து இரண்டு தட்டு. வரமாட்டேன் என்பதற்கும் உள்ளங்கை அதேபோல நெஞ்சுக்கு வரும். வந்த பிறகுதான் வெளியே திரும்பும். கடைசி நொடிவரை இரண்டும் ஒன்றுதான்.

மகள் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தாயின் கைமொழியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, வாயால் பேசுவதைவிடக் கையால் வேகமாகப் பேசுவாள். ஷிப்ட் முடிந்ததும் வீடியோ அழைப்பு வரும். அக்கா போனை மைலோ டின்னில் சாய்த்து வைத்து, விளக்குக்கு நேராக உட்கார்ந்துகொள்வாள். அப்புறம் சத்தமே இல்லாமல் ஒரு கச்சேரி நடக்கும். யார் வீட்டு நாய் குட்டி போட்டது, யார் யாரோடு ஓடிப்போனது எல்லாம் எல்லை தாண்டிப் போகும். தமிழில் கைப்பேசி என்று பெயர் வைத்தவர் என் அக்காவை நினைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். மற்றவர்களெல்லாம் அதில் வாயால்தானே பேசுகிறோம்.

ஒரு மழைக்காலத்தில் அந்தக் கச்சேரி நின்றது. படம் முதலில் கட்டம் கட்டமாக உடைந்தது, பிறகு உறைந்தது, பிறகு வருவதே இல்லை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது அக்கா நாலு விரலை எழுப்பி, ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினாள். கடைசி விரல் மடங்கியதும் என் காதை இழுத்தாள். இது உன் வேலைதானே, பார் என்று அர்த்தம்.

பார்த்தேன். லைன் வாசலில் நின்று வீட்டுக்குப் போன் செய்தேன். மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது. அதுதான் கொடுமை. குரலுக்குக் கொஞ்சம் அலை போதும், படத்துக்குத்தான் நிறைய வேண்டும். புகார் வந்தால் யாராவது ஒருவர் தோட்டத்து வாசலில் நின்று ஹலோ என்பார், மறுமுனையில் ஹலோ என்பார்கள், புகார் முடிந்தது என்று எழுதிவிடுவார்கள். காது கேட்கிறவர்களுக்கு அந்தக் கொஞ்ச அலை ஒரு குறைதான், என் அக்காவுக்கு அது ஒன்றுமே இல்லாதது. இதை எழுதுவதற்குப் புகாரில் இடம் கிடையாது.

மறுநாள் அலுவலகத்தில் பார்த்தால், தோட்டத்தை நோக்கியிருந்த ஆண்டனாவின் பலத்தைப் பாதிக்கும் கீழே குறைத்திருந்தார்கள். அதற்குப் பதிலாகப் புதுத் தாமானில் இருக்கும் கோபுரத்தின் பலத்தை ஏற்றியிருந்தார்கள். தாமான் என்றால் வீடமைப்புப் பேட்டை. அதுவும் ஒரு காலத்தில் தோட்டம்தான், இப்போது மாடி வீடுகளாக நிற்கிறது. நான் நேராகப் பாஸிடம் போனேன்.

அவர் வயதில் மூத்தவர், அமைதியான மனிதர். கெமாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவரின் மகன். குவாட்டர்ஸ் ஜன்னலிலிருந்து லைனைப் பார்த்து வளர்ந்தவர்.

"பாஸ், தோட்டத்துப் பக்கம் இருந்த பவர யாரு குறைச்சது?"

"நாந்தான். ஏன் தம்பி?"

"அங்க ஆளுங்க இருக்காங்க பாஸ்."

"எங்க ஆளு? லைனே இல்லன்னு அவங்களே சொல்லிட்டாங்களேலா. வாட்சாப்ல கம்ப்ளேன் வந்துச்சி. எஸ்டேட் லைன் தாக் அடா. அவ்ளோதான் போட்டிருந்துச்சி. படிச்சதும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சி தம்பி. எங்க தோட்டத்து லைனயும் இப்படித்தான் ஜேசிபி வச்சித் தள்ளுனாங்க."

எஸ்டேட் லைன் தாக் அடா. மலாய் வாக்கியம், தமிழில் எஸ்டேட் லைன் இல்லை.

வேறு யாராவது அந்த மேசையில் இருந்திருந்தால், ஒரு மலாய்க்காரரோ சீனரோ பட்டணத்துத் தமிழரோ, அதைப் படித்துவிட்டு தோட்டத்தில் சிக்னல் இல்லையாம் என்று புரிந்துகொண்டிருப்பார்கள். தோட்டத்தில் வளர்ந்த மனிதருக்கு மட்டும் அந்த இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிட்டன. எஸ்டேட் லைன். இடிந்துபோன ஒரு வரிசை அவர் மனசுக்குள் எப்போதும் இருந்திருக்கிறது. வானத்திலிருந்து எடுத்த படத்தையும் பார்த்திருக்கிறார். மேல் டிவிஷன் லைன்கள் உண்மையாகவே தரைமட்டமாகிக் கிடந்தன. கீழ் டிவிஷன் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் மறைந்திருந்தது. ஆளில்லாத இடத்துக்கு எதற்கு அலை என்று எடுத்துத் தாமானுக்குக் கொடுத்துவிட்டார்.

அதை அனுப்பியது யார் என்று எனக்குக் கேட்காமலே தெரிந்தது. புகார் எண்ணுக்குக் குரலால் அழைக்க முடியாத ஒருத்தி லைனில் ஒருத்திதான். 'லைன் தாக் அடா' என்பதை அவள் உருவமாக அறிவாள். சிக்னல் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்கள் அதைத்தான் தட்டி அனுப்புவார்கள். அதற்கு முன்னால் எந்த இடம் என்று சொல்ல வேண்டுமல்லவா? தோட்டத்து வாசலில் இருக்கும் பலகையிலிருந்து 'எஸ்டேட்' என்ற சொல்லைப் பார்த்துப் பார்த்து எழுத்தெழுத்தாக எடுத்துச் சேர்த்திருக்கிறாள். மழையில் படம் உடையத் தொடங்கியதுமே அனுப்பியிருக்கிறாள், அடியோடு நின்றது அந்தப் புகாருக்குப் பிறகுதான். அவள் வாழ்நாளில் சொந்தமாக எழுதிய ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

நான் பாஸிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு வந்திருந்த கோபம் இறங்குவதற்கு இடமில்லாமல் நின்றது. அலட்சியத்தால் செய்திருந்தால் சண்டை போடலாம். மனுஷன் எங்கள் லைனுக்காகத் துக்கப்பட்டுக்கொண்டே அல்லவா அதை இருட்டாக்கியிருக்கிறார்.

"மன்னிச்சிரு தம்பி," என்றார். "இப்பவே பழைய மாதிரி ஆக்கிர்றேன்."

ஆக்கினார். அன்று சாயங்காலம் அக்காவும் மகளும் கைவலிக்கப் பேசினார்கள் என்று அடுத்த வீட்டுப் பெண் எனக்குச் சொன்னாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வாரம் முடிவதற்குள் தாமானிலிருந்து புகார்கள் குவிந்தன. தாமானின் கடைசி இரண்டு தெருக்களுக்கு இரண்டு கோபுரமும் ஒரே அலைவரிசையில் கேட்கும். தோட்டத்துக் கோபுரம் குரலை உயர்த்தியதும் அங்கே எல்லாம் இரைச்சலாகிவிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள், பிள்ளைகளுக்கு இணைய வகுப்பு வைத்திருப்பவர்கள், கோபமாக எழுதத் தெரிந்தவர்கள். ஒவ்வொருவரும் முழு முழு வாக்கியமாக எழுதியிருந்தார்கள்.

பாஸ் நடுவில் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் பலம் குறைத்தார், ஆண்டனாவைக் கொஞ்சம் தரைப்பக்கம் சாய்த்தார். நானும் காரை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடினேன். நடுவில் வைத்தால் இரண்டு பேருக்கும் பாதி கிடைக்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். இந்த வேலையில் அப்படி வராது. இரண்டு பேருக்கும் கெடும். வீடியோவுக்குப் பாதி அலை என்று ஒன்று கிடையாது.

அதற்குள் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் அலையைப் பங்கு வைக்கிற வேலையை ஒரு மென்பொருளிடம் கொடுத்துவிட்டார்கள். அது வீடுகளைப் பார்க்காது, பயன்பாட்டைப் பார்க்கும். எங்கே நிறையப் பேர் நிறையப் பயன்படுத்துகிறார்களோ அங்கே பலத்தைக் கொடுக்கும். அது பின்னால் திரும்பிப் பார்த்தபோது எங்கள் தோட்டத்தில் பயன்பாடே இல்லை. நாங்கள் அலையை எடுத்துவிட்டோம், அதனால் அவர்களால் பயன்படுத்த முடியவில்லை. பயன்படுத்தவில்லை, அதனால் அங்கே ஆளே இல்லை என்று அது முடிவு கட்டியது. மறுபடியும் பாதிக்குக் கீழே போனது. இந்த முறை மேசையில் கண்ணாடி துடைப்பதற்கும் யாரும் இல்லை.

"நம்ம தப்பப் பாத்து மிஷின் பாடம் கத்துக்கிச்சி தம்பி," என்றார் பாஸ். "இனிமே அது சொல்றதுதான். மேல எழுதிப் பாத்துட்டேன். தாமான் நம்பர் எவ்ளோ, தோட்டத்து நம்பர் எவ்ளோன்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்றது?"

நான் யோசிக்காத வழியில்லை. கம்பி வழியாக இணையம் இழுக்கலாம் என்றால், தோட்ட நிர்வாகம் புதுக் கம்பம் நடவிடாது. என்றைக்காவது விற்கப்போகிற நிலத்தில் கம்பம் எதற்கு என்பது அவர்கள் நியாயம். வீடியோவாகப் பதிந்து அனுப்பு என்று சொல்லிப் பார்த்தேன். அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், போய்ச் சேர மறுநாளாகும். சாப்பிட்டாயா என்று கேட்டதற்குப் பதில் வருவதற்குள் மகள் காய்ச்சலில் படுத்து எழுந்திருப்பாள். ரப்பர்த் தாள் உலர்த்திய பழைய புகைவீடு இருந்த மேட்டில் ஏறினால் இரண்டு விரல் அளவுக்குச் சிக்னல் எழும். மகளுக்கு ஷிப்ட் முடியும்போது பொழுது போயிருக்கும், மேட்டில் விளக்கு இல்லை. வாயால் பேசுகிறவர்கள் இருட்டில் பேசலாம். கையால் பேசுகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும். டார்ச்சைப் பிடித்தால் ஒரு கை போய்விடுகிறது.

என் வீட்டுக்கு வந்துவிடு என்றேன். சிரம்பானில் என் வீட்டில் நாலு விரலும் நிற்கும். அக்கா ஒருமுறை வந்து தங்கியும் பார்த்தாள். கடைக்குப் போய்ச் சீனி கேட்டு உப்போடு திரும்பி வந்தாள். கடைக்காரர் அவள் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். திரும்பும்போது காரில் சொன்னாள்: உள்ளங்கையை இழுத்து லைனைக் காட்டி, எல்லார் கண்ணையும் தொடுவதுபோலத் தொட்டு, தன் கையைக் காட்டினாள். அங்கே என் கையைப் படிக்க எல்லாரும் இருக்கிறார்கள், உன் ஊரில் நான் ஊமை. லைனில் இருந்தால் ஊரோடு பேசலாம், மகளோடு பேச முடியாது. சிரம்பானுக்கு வந்தால் மகளோடு பேசலாம், ஊரோடு பேச முடியாது. இதையும் யாராவது பங்கு வைத்துக் காட்டட்டும் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அவளுக்கு அப்போது ஒரே கேள்விதான். தீபாவளிக்கு மகள் வருவாளா? போன தீபாவளிக்கு வரவில்லை. நான் போகும்போதெல்லாம் கன்னத்தில் விரல் வைத்து, கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, புருவத்தைத் தூக்குவாள். நான் மகளுக்கு எழுதிக் கேட்கிறேன் என்பேன். வேண்டாம் என்று கையாட்டுவாள். அந்தப் பதிலை மகள் கையால் பார்க்க வேண்டும் அவளுக்கு.

தீபாவளி நெருங்கியபோது தாமான் கோபுரத்துக்குக் காது அடைத்துப்போனது. அது பேசுவது எல்லாருக்கும் கேட்கிறது, எல்லாரும் பேசுவது அதற்குக் கேட்கவில்லை. லிங்கி சாலையோரத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, வீடுகளிலும் அதே கதை. எங்களுக்குப் பார்த்தவுடன் தெரியும், யாரோ வீட்டில் பூஸ்டர் வைத்திருக்கிறார்கள். இணையத்தில் மலிவாக விற்கிற சிறு பெட்டி, அனுமதி இல்லாதது. கூரையில் ஒரு ஆண்டனாவும் உள்ளே ஒரு பெட்டியுமாக, தூரத்துச் சிக்னலை இழுத்து வீட்டுக்குள் பெரிதாக்கும். வைத்தவர் வீட்டில் நாலு விரலும் எழும். பதிலுக்கு அது கோபுரத்தைப் பார்த்து நிற்காமல் ஊளையிடும், மற்றவர்களின் பேச்சு அந்த ஊளையில் முங்கிப்போகும்.

மாதக்கணக்கில் தோட்டம் இருட்டாகக் கிடந்தபோது ஒரு சைக்கிளும் வரவில்லை. தாமானில் இரண்டு நாள் தடுமாறியதும் அரசாங்க வேனே வந்துவிட்டது. மலாய்க்கார அதிகாரி ஒருவர், கூரை ஏற ஒரு உதவியாளர், கம்பெனி சார்பில் நான். மீன்முள் மாதிரி இருக்கும் ஆண்டனாவைக் கையில் பிடித்துத் திருப்பினால் ஊளை எந்தப் பக்கம் அதிகம் என்று கருவி காட்டும். அந்தப் பக்கம் ஓட்டு, மறுபடி இறங்கு, மறுபடி திருப்பு. நான் என் காரில் முன்னால் போனேன், வேன் பின்னால் வந்தது. தாமான் தாண்டி, லிங்கி சாலை தாண்டி, எங்கள் தோட்டத்துப் பலகைக்கு எதிரில் கருவியின் கோடு எகிறியது. கருவி பொய் சொல்லட்டும் என்று அன்றைக்குத்தான் முதல்தடவை வேண்டிக்கொண்டேன்.

அக்கா வீட்டுத் தகரக் கூரையில் வெள்ளையாக ஒரு சிறு ஆண்டனா நின்றது. மகள் வாங்கித் தபாலில் அனுப்பியிருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர் மாட்டிக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேருமே என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் கழற்றச் சொல்வேன் என்று தெரிந்திருக்கும். சரியாகத்தான் தெரிந்திருக்கிறது.

நான் அதிகாரியிடம் இது என் அக்கா வீடு, அவளுக்குக் காது கேட்காது, மகளோடு கையால் பேசுவதற்காக வைத்திருக்கிறாள் என்று சொன்னேன். உதவியாளர் தள்ளி நின்று வேனிலிருந்து ஏணியை இறக்கிக்கொண்டிருந்தார். அதிகாரி கூரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கெசியான்," என்றார். பாவம் என்பதற்கு எங்கள் நாட்டில் எல்லா இனத்தாரும் சொல்கிற சொல். உண்மையாகவே சொன்னார். சொல்லிவிட்டு, கழற்றித்தான் ஆக வேண்டும் என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறேன், அவ்வளவுதான் என்னால் முடியும் என்றார். அதுவே அவர் செய்த தயவு.

"உள்ள போய் நானே சொல்லிர்றேன் சார். கொஞ்சம் பொறுங்க," என்று மலாயில் கேட்டுக்கொண்டேன். அவர் தலையாட்டினார்.

உள்ளே போனபோது மகளுக்கு அன்று விடுமுறை போலிருக்கிறது, பட்டப்பகலில் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. மைலோ டின்னில் போன், ஜன்னல் வெளிச்சத்தில் அக்கா. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து காது மடலை இழுத்தாள். என்னைப் பிடித்துப் போனுக்கு முன்னால் உட்கார வைத்தாள். படம் துல்லியமாக இருந்தது. மகளின் கன்னத்துக் குழி தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, பிறகு திருட்டுச் சிரிப்புச் சிரித்தாள். நானும் சிரித்தேன். முதலில் பேசி முடிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

அக்காவுக்கு நான் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியிருக்கும். விளக்கு ஏற்றுவதுபோலக் காட்டி, மகளைக் காட்டி, கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, புருவத்தைத் தூக்கினாள். தீபாவளிக்கு வருவாயா?

மகள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு உள்ளங்கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்தாள்.

படம் அங்கே நின்றது.

கூரையில் ஸ்பேனர் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அக்காவுக்குக் கேட்கவில்லை. அவள் மகள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்துத் தட்டினாள், ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் படமும் போய்விட்டது.

நான் வெளியே ஓடினேன். உதவியாளர் ஆண்டனாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். பொறுக்கச் சொன்னேனே என்று கத்தினேன். அவர் உண்மையாகவே பதறிப்போனார். நீங்கள் உள்ளே போனதும் காதை வைத்துக் கேட்டேன், ஒரு பேச்சுச் சத்தமும் இல்லை, யாரும் போனில் இல்லை என்றுதான் கழற்றினேன் என்றார். அவர்மேலும் தப்புச் சொல்ல முடியவில்லை. யார்மேல்தான் சொல்ல முடிந்தது எனக்கு, இந்தக் கதையில்?

அவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். அக்கா வாசலில் நின்று வேன் போவதைப் பார்த்தாள். நான் கையால் எல்லாவற்றையும் சொன்னேன்: அந்தப் பெட்டி, கோபுரம், மற்றவர்கள். அவள் அதையெல்லாம் கவனித்த மாதிரியே தெரியவில்லை. தன் உள்ளங்கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, மகள் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்தாள். அடுத்து என்ன என்று கேட்டாள்.

பதிலை முதலில் நானே தெரிந்துகொள்ளலாம் என்று, காரை எடுத்துக்கொண்டு சிக்னல் உள்ள லிங்கி சாலைக்கு வந்தேன். ஓரமாக நிறுத்தியதும் மகளின் செய்தி தானே வந்து விழுந்தது.

"மாமா, லைன் கட் ஆயிடுச்சி. அம்மாகிட்ட சொல்லிட்டேன், பாத்தாங்கல்ல? லீவு கெடைக்கலலா மாமா. அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேன். அம்மா அழுதாங்களா?"

அவளைப் பொறுத்தவரை அவள் சொல்லி முடித்துவிட்டாள். அங்கே அவள் கை முழுசாகத் திரும்பியிருக்கிறது. நான் என்ன பதில் எழுதினேன் என்பது நினைவில்லை. பச்சையும் சிவப்புமாகக் கணினி பக்கத்து இருக்கையில் திறந்தபடியே கிடந்தது. தாமான் அதற்குள் பச்சையாகியிருந்தது.

திரும்பிப் போனேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மறுபடியும் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

நான் எதிரில் உட்கார்ந்தேன். என் கன்னத்தில் விரலை வைத்தேன், எனக்குக் குழி விழாது. உள்ளங்கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்தேன். அவள் கண் என் கையை விடவில்லை. கையை வெளியே திருப்பினேன்.

அக்கா பார்த்தாள். நான் சரியாகத்தான் செய்தேனா என்று சந்தேகப்பட்டவள் மாதிரி, இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னாள். காட்டினேன்.